ஏன் குண்டு வைக்கிறார்கள், நாம் ஏன் பிளவுபடுகிறோம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலகத்தில் எங்காவது தாக்குதல் நடந்தால் அடுத்த சில நாட்களுக்கு என்னிடம் வருகிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். அரசியல் பாடம் நடத்துகிறவன் என்பதால் மாணவர்கள் கேட்பார்கள், அவர்களுடைய பெற்றோர் கேட்பார்கள், கூட்டம் முடிந்து கிளம்பும்போது யாராவது நிறுத்தி வைத்துக் கேட்பார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே வைத்திருக்கிறேன். முதலிலிருந்து படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் சொன்னது தேவைப்படும்.

முதல்ல, பயங்கரவாதம்னா என்ன? எல்லா வன்முறையும் பயங்கரவாதம்தானே?

இல்லை. சொத்துத் தகராறில் நடக்கும் கொலையும் வன்முறைதான், ஆனால் அதைப் பயங்கரவாதம் என்று யாரும் சொல்வதில்லை. பயங்கரவாதத்துக்கு ஓர் அரசியல் நோக்கம் இருக்கும், சண்டையில் இல்லாத மக்கள்மேல் அடி விழும். முக்கியமான விஷயம், செத்தவர்களுக்கும் சேதி போய்ச் சேர வேண்டியவர்களுக்கும் சம்பந்தமே இருக்காது. ரயிலில் இருந்தவர்கள் சாவார்கள், அந்தச் சேதி வீட்டில் உட்கார்ந்து செய்தி பார்க்கிற நமக்கும் நம் அரசாங்கத்துக்கும்தான். மற்ற பதில்களுக்கெல்லாம் இதுவே அடிப்படை.

எல்லோரும் ஒப்புக்கொண்ட சட்ட வரையறை இன்னும் கிடையாது. 1996இல் இந்தியா ஐ.நா.வில் ஒரு விரிவான ஒப்பந்தத்துக்கு வரைவு கொடுத்தது. அந்நிய ஆக்கிரமிப்பை எதிர்த்து ஆயுதம் எடுப்பவர்களை எங்கே வைப்பது, அரசுப் படைகள் செய்வதைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற இரண்டு இடங்களில் பேச்சு முட்டிக்கொண்டு நிற்கிறது.

அப்போ அரசாங்கமே பண்ணினா அது பயங்கரவாதம் இல்லையா?

என் பார்வையில் அதுவும் பயங்கரவாதம்தான். பிரெஞ்சுப் புரட்சியின்போது 1793–94இல் அரசே பயத்தை ஆட்சிமுறையாக வைத்திருந்தது. தீர்ப்பு சொல்லிக் கொல்லப்பட்டவர்கள் மட்டும் ஏறத்தாழ 17,000 பேர். இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் அரசு அல்லாத அமைப்புகளைப் பற்றித்தான் பேசுகிறேன். ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று தீனி போடுவதைக் கீழே பார்க்கலாம்.

இவங்கள்லாம் மனநோயாளிங்கதானே? சாதாரண மனுஷன் இப்படிப் பண்ணுவானா?

அப்படி நினைத்துக்கொண்டால் நமக்கு நிம்மதியாக இருக்கும், அவ்வளவுதான். ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகத் தேடியும் 'பயங்கரவாதி மனம்' என்று தனியாக ஒன்று அகப்படவில்லை. அமைப்புகளே நிலையில்லாத ஆட்களைக் கழித்துக்கட்டும், ரகசியம் காக்க முடியாதவனால் எல்லோருக்கும் ஆபத்து. தனியாளாகக் கிளம்புகிறவர்களிடையே மட்டும் மனநலச் சிக்கல் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. அதை வைத்து மனநோய் உள்ளவர்களைச் சந்தேகப்படுவது அநியாயம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை.

வறுமை, படிப்பில்லாததுதான் காரணம்னு சொல்றாங்களே?

2001 செப்டம்பர் 11 தாக்குதலில் விமானங்களைக் கடத்திய 19 பேரில் 15 பேர் சவூதி அரேபியர்கள். தலைமை தாங்கிய முகமது அத்தா ஜெர்மனியில் நகரத் திட்டமிடல் படித்தவர். 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் நச்சுவாயு விட்ட ஓம் ஷின்ரிக்யோ என்ற மதப் பிரிவில் நல்ல பல்கலைக்கழகங்களில் அறிவியல் படித்தவர்கள் இருந்தார்கள். 2019 ஈஸ்டர் அன்று இலங்கையில் குண்டு வெடிக்கச் செய்தவர்களில் இருவர் பெரிய வணிகர் வீட்டுப் பிள்ளைகள். பொருளாதார அறிஞர் ஆலன் க்ரூகர் தரவுகளைப் புரட்டிப் பார்த்தபோது, வறுமைக்கும் பயங்கரவாதத்துக்கும் நேரடித் தொடர்பு வலுவாக இல்லை என்றும், அடிப்படை உரிமைகள் நசுக்கப்பட்ட இடங்களிலிருந்து ஆட்கள் அதிகம் கிளம்புகிறார்கள் என்றும் கண்டார்.

இதனால் வறுமைக்குப் பங்கே இல்லை என்று ஆகாது. அரசாங்கமே எட்டிப் பார்க்காத வறண்ட பகுதிகளில், மாதச் சம்பளத்துக்காகவும் ஊரைக் காப்பாற்றிக்கொள்ளவும் ஆயுதக் குழுவில் சேருகிறவர்கள் ஏராளம். திட்டம் போடுகிறவர்கள் வேறு, அடிமட்டத்தில் துப்பாக்கி தூக்குகிறவர்கள் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் பதில் கிடைக்காது.

அப்போ என்னதான் காரணம்? ஒரே வரியில சொல்லுங்க.

ஒரே வரியில் சொல்ல முடியாது. ஒரு குறை இருக்கும், அதை நம்பும் ஒரு கூட்டம் இருக்கும், அந்தக் குறைக்கு இன்னார்தான் காரணம், இதுதான் பரிகாரம் என்று சொல்லும் ஒரு கதை இருக்கும். மூன்றும் ஒருவனிடம் ஒன்றுசேர வேண்டும். குறை மட்டும் இருப்பவர்கள் உலகில் கோடிக்கணக்கானவர்கள், அவர்கள் குண்டு வைப்பதில்லை.

ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஆப்பிரிக்காவில் ஆயுதக் குழுக்களில் தாமாகவே சேர்ந்த நூற்றுக்கணக்கானவர்களிடம், 'எந்த நிமிஷத்தில் முடிவெடுத்தீர்கள்?' என்று கேட்டார்கள். 71 சதவீதம் பேர் சொன்னது அரசு செய்த ஏதோ ஒன்றை. அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனது, நண்பனைச் சுட்டது போன்றவை. குறை முன்பே இருந்தது, அந்தச் சம்பவம் தள்ளிவிட்டது. பல அமைப்புகளின் உறுப்பினர்களை ஆராய்ந்த மார்க் சேஜ்மன், கொள்கையைப் படித்துவிட்டுச் சேருகிறவர்களைவிட நண்பன் சேர்ந்தான், மைத்துனன் சேர்ந்தான் என்று பின்னால் போகிறவர்களே அதிகம் என்று காட்டினார். கொள்கை பல பேருக்கு அப்புறம்தான் வருகிறது.

மதம்தான் காரணம்னு நேரடியா சொல்லிடலாமே? ஏன் சுத்தி வளைக்கிறீங்க?

வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டரை 1881இல் குண்டு வீசிக் கொன்றவர்கள் மதவாதிகள் இல்லை. 1978இல் இத்தாலியின் முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவைக் கடத்திக் கொன்ற சிவப்புப் படையினர் மார்க்சியம் பேசியவர்கள். நவீன பயங்கரவாதத்தை ஆய்வாளர் டேவிட் ராப்போபோர்ட் நான்கு அலைகளாகப் பிரிக்கிறார்: அரசே வேண்டாம் என்ற கொள்கைக்காரர்கள், காலனி எதிர்ப்பாளர்கள், புதிய இடதுசாரிகள், 1979க்குப் பிறகு மதம். பேசுகிற கொள்கை மாறியது, செய்கிற காரியம் அப்படியே இருந்தது.

மதத்துக்குப் பங்கு இல்லவே இல்லை என்பதும் மழுப்பல்தான். ஒரு சண்டைக்குப் புனிதம் ஏறிவிட்டால் அதில் பேரம் பேச முடியாமல் போகும், சாவுக்கும் அர்த்தம் கிடைத்துவிடும். ஆனால் மேலே சொன்ன அதே ஆய்வில், சேர்ந்தவர்களில் 57 சதவீதம் பேர் தங்கள் மத நூல்களைப் படித்ததே இல்லை, அல்லது அவ்வளவாகப் புரியாது என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, சாதாரண கருத்து வேறுபாடு எப்படி இவ்வளவு வெறுப்பா மாறுது?

நாம் நினைப்பதைவிடச் சுலபமாக. உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் 1970 வாக்கில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளிச் சிறுவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்கள், ஒருவரையொருவர் முன்பே தெரியும். சில ஓவியங்களைக் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டார். 'நீ க்ளேயின் ஓவியத்தை விரும்பும் குழு, நீ காண்டின்ஸ்கி குழு' என்று பிரித்தார். உண்மையில் பிரித்தது குருட்டாம்போக்கில். தன் குழுவில் யார் யார் என்றுகூட ஒருவனுக்கும் தெரியாது. அப்புறம் பெயர் தெரியாத இரண்டு பேருக்குப் பணம் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். பையன்கள் தன் குழுவுக்கு அதிகம் கொடுத்தார்கள், அதில் ஆச்சரியமில்லை. தன் குழுவுக்கு மொத்தத்தில் குறைவாகக் கிடைத்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிடக் கூடுதலாக இருந்தால் போதும் என்று பலர் தேர்ந்தெடுத்தார்கள். என்னை இன்றும் உறுத்துவது இதுதான். பகை இல்லை, வரலாறு இல்லை, ஓர் ஓவியம் மட்டும்.

இதோடு மொழி, நிலம், ஓட்டு, பழைய ரத்தம் எல்லாம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அமெரிக்காவில் 1960இல், 'உங்கள் பிள்ளை எதிர்க்கட்சி வீட்டில் கல்யாணம் செய்தால் வருத்தப்படுவீர்களா?' என்று கேட்டபோது ஆமாம் என்றவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். 2010இல் ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒருவர், குடியரசுக் கட்சியினரில் பாதிப் பேர் ஆமாம் என்றார்கள். 'அவன் சொல்வது தப்பு' என்பது 'அவனே தப்பானவன்' என்று மாறிவிட்டது.

எதிர்த்தரப்பு உண்மையில் யார் என்பதே தெரியாமல் போவது அடுத்த கட்டம். குடியரசுக் கட்சிக்காரர்களில் எத்தனை பேர் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிக்கிறார்கள் என்று அமெரிக்கர்களிடம் கேட்டால் சராசரியாக 38 சதவீதம் என்றார்கள். உண்மை 2 சதவீதம். நாம் வெறுப்பது பல சமயம் நாமே வரைந்து வைத்த ஓர் ஆளை.

பிளவு இருந்தாலே பயங்கரவாதம் வந்துடுமா?

வராது. பெல்ஜியத்தில் டச்சு பேசுவோரும் பிரெஞ்சு பேசுவோரும் எவ்வளவோ காலமாகச் சண்டை போடுகிறார்கள். 2010–11இல் 541 நாள் முழு அரசாங்கமே அமையவில்லை. ஆனால் அந்த மொழிச் சண்டைக்காக யாரும் பேருந்தில் குண்டு வைக்கவில்லை. பேசினால் ஏதாவது நடக்கும் என்ற நம்பிக்கை அங்கே உயிரோடு இருக்கிறது.

அந்த நம்பிக்கை எப்படிச் சாகும் என்பதற்கு இலங்கையைப் பார்க்கலாம். 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் உட்கார்ந்து பேசி ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 1958 ஏப்ரலில் பிக்குகள் பண்டாரநாயக்காவின் வீட்டு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அன்றே ஒப்பந்தம் கைவிடப்பட்டது. 1965இல் இன்னொரு ஒப்பந்தம், அதுவும் நிறைவேறவில்லை. ஒவ்வொரு முறையும் ஒப்பந்தம் கிழியும்போது, 'பேசி என்ன கண்டீர்கள்?' என்று பெரியவர்களைக் கேட்ட இளைஞர்களின் எண்ணிக்கை கூடியது.

பொதுமக்களைக் கொன்னா அவங்க மேலதானே வெறுப்பு வரும்? இதுகூடத் தெரியாதா அவங்களுக்கு?

நன்றாகவே தெரியும். அந்த வெறுப்பைத்தான் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். சிறிய குழுவால் ஓர் அரசைத் தோற்கடிக்க முடியாது. ஆனால் அரசைக் கோபப்படுத்தி, குற்றவாளி யார் என்று பார்க்காமல் ஒரு சமூகத்தின் மேலேயே கைவைக்கச் செய்ய முடியும். அப்புறம் அந்தச் சமூகத்திடம் போய், 'பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரிதானே' என்று சொல்லலாம். ஆள் சேர்க்கும் வேலையை அரசே செய்து கொடுத்துவிடும்.

வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்தில் 1972 ஜனவரி 30 அன்று ஓர் ஊர்வலம் போனது. விசாரணை இல்லாமல் ஆட்களைச் சிறையில் போடுவதை எதிர்த்து நடந்த ஊர்வலம். பிரிட்டிஷ் பாராசூட் படையினர் சுட்டதில் அன்றே 13 பேர் இறந்தார்கள், காயம்பட்ட இன்னொருவர் பிறகு இறந்தார். சில வாரங்களில் வந்த அரசு விசாரணை அறிக்கை பெருமளவுக்குப் படையினர் பக்கம் நின்றது. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் எடுத்த ஐ.ஆர்.ஏ.வுக்கு ஆள் சேர்ந்தது அதற்கப்புறம்தான் பெருவெள்ளம் மாதிரி. சுடப்பட்டவர்கள் நிரபராதிகள் என்று அரசு ஒப்புக்கொண்டு பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2010இல். இடையில் 38 ஆண்டுகள். அந்த மோதல் முழுவதிலும் செத்தவர்கள் 3,500 பேர் அளவில்.

உருகுவேயில் துபமாரோஸ் கெரில்லாக்களும் அரசைச் சீண்டினார்கள். 1973இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கெரில்லாக்கள் அதற்கு முன்பே நொறுங்கிவிட்டார்கள், நாடு 1985 வரை ராணுவத்தின் பிடியில் கிடந்தது. சீண்டினால் அரசு தப்பு செய்யும் என்ற கணக்கு சரியாக இருந்தது. மக்கள் பொங்கி எழுவார்கள் என்ற கணக்கு பொய்த்தது.

மிதவாதிங்க ஏன் எப்பவும் தோத்துப் போறாங்க?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். இந்த விஷயத்தில் மக்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான் என்று நினைக்கிறேன். கடும்போக்காளருக்கு எதிரி முகாமின் கடும்போக்காளர் ஆபத்து கிடையாது, அவர் இருந்தால்தான் இவருக்குப் பிழைப்பு. உண்மையான ஆபத்து, தன் பக்கத்திலேயே இருந்துகொண்டு அந்தப் பக்கத்தோடு பேச முடிந்தவர்.

யார் யாரைக் கொன்றார்கள் என்று பாருங்கள். காந்தியை 1948இல் கொன்றவர் ஓர் இந்து. எகிப்தின் சதாத்தை 1981இல் கொன்றவர்கள் எகிப்திய முஸ்லிம்கள். இஸ்ரேல் பிரதமர் ராபினை 1995இல் கொன்றவர் ஒரு யூதர். ஒப்பந்தத்தைக் கைவிட்ட பண்டாரநாயக்காவையே 1959இல் சுட்டவர் ஒரு பிக்கு. தமிழர் தரப்பில் அமிர்தலிங்கம் 1989இலும் நீலன் திருச்செல்வம் 1999இலும் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டார்கள். இவர்கள் எல்லோரையும் முடித்தது சொந்தப் பக்கத்துக் கைதான்.

ஐ.எஸ். அமைப்பு 2015இல் தன் இதழில் இதை வெளிப்படையாகவே எழுதியது. முஸ்லிம்களும் மற்றவர்களும் சேர்ந்து வாழும் நடுப்பகுதியைச் சாம்பல் நிறப் பகுதி என்று சொல்லி, அதை அழிப்பதே குறி என்றது. தாக்குதலுக்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகத்தோடு பார்க்கிற ஒவ்வொருவரும் அந்த வேலையை அவர்களுக்காகச் செய்து கொடுக்கிறார். கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும், தெரிந்துதான் சொல்கிறேன்.

ஒருத்தருக்குத் தீவிரவாதி, இன்னொருத்தருக்குப் போராளி. மண்டேலாவையும் அப்படித்தானே சொன்னாங்க?

ஆமாம். அமெரிக்காவின் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து மண்டேலாவின் பெயர் 2008இல்தான் நீங்கியது. அதனால் முத்திரையை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது.

ஆனால் 'எல்லாம் பார்க்கிறவர் பார்வை' என்று கைகழுவவும் தேவையில்லை. நோக்கம் நியாயமா என்பது ஒரு கேள்வி, வழி நியாயமா என்பது தனிக் கேள்வி. தென்னாப்பிரிக்காவின் உண்மை, நல்லிணக்க ஆணையம் 1998இல் அதைத்தான் செய்தது. நிறவெறி அரசே முதல் குற்றவாளி என்று சொன்னது, விடுதலை இயக்கத்தின் மனித உரிமை மீறல்களையும் பெயர் சொல்லி எழுதியது. மண்டேலாவின் கட்சியான ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸ் அறிக்கையைத் தடுக்க நீதிமன்றம் போனது. மண்டேலா அறிக்கையை ஏற்றுக்கொண்டார்.

காரணத்தைப் புரிஞ்சுக்கணும்னு சொல்றதே நியாயப்படுத்துற மாதிரி இல்லையா?

உறவைப் பறிகொடுத்தவர் இப்படிக் கேட்டால் நான் வாதம் செய்ய மாட்டேன். அவர் கேட்கலாம். மற்றவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஏன் செய்தான் என்பது வேறு, செய்திருக்கலாமா என்பது வேறு. டெர்ரியில் நடந்ததைத் தெரிந்துகொள்வதால் அதற்குப் பின் ஐ.ஆர்.ஏ. வைத்த எந்தக் குண்டும் சரியாகிவிடாது. அதே கோபத்தோடு ஆயுதமே தொடாதவர்கள் அதே ஊரில் பல மடங்கு இருந்தார்கள். காரணம் இருந்தாலும் தேர்வு அவனுடையதுதான்.

சமூக ஊடகம்தான் எல்லாத்தையும் கெடுத்துச்சா?

வேகப்படுத்தியது, உண்டாக்கவில்லை. 1994இல் ருவாண்டாவில் டுட்சி மக்களைக் கரப்பான் பூச்சி என்று சொல்லிக் கொலைக்குத் தூண்டியது வானொலி. ஏறத்தாழ 100 நாளில் 8 லட்சம் பேர் அளவில் செத்தார்கள். மனிதனைப் பூச்சி என்று சொல்கிற பேச்சு எந்தக் கருவியில் வந்தாலும், அதை அபாய அறிகுறியாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வேலை, பணம், வளர்ச்சி கொடுத்தா அடங்கிடாதா?

சில இடங்களில் பலிக்கும், சில இடங்களில் எரிகிற தீயில் எண்ணெய் ஆகும். மானிடவியலாளர் ஸ்காட் ஆட்ரனும் அவர் சகாக்களும் இஸ்ரேலியக் குடியேறிகளிடமும் பாலஸ்தீனர்களிடமும் கற்பனையான சமாதானத் திட்டங்களைக் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். நிலத்தையோ அகதிகள் திரும்பி வரும் உரிமையையோ புனிதமாகக் கருதியவர்களிடம், விட்டுக்கொடுத்தால் பணம் தருகிறோம் என்றபோது கோபம் கூடியது. 'உயிருக்கு விலை பேசுகிறாயா?' என்பது மாதிரி. எதிர்த்தரப்பு தனக்குப் புனிதமான ஒன்றை விட்டுக்கொடுக்கும், செய்த தவறை ஒப்புக்கொள்ளும் என்றபோது எதிர்ப்பு தணிந்தது. இரண்டு பக்கத்திலும் இதே விளைவுதான்.

ராணுவத்தை இறக்கி ஒரேயடியா முடிச்சா என்ன?

அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் 1968 முதல் 2006 வரை இயங்கிய 648 அமைப்புகளை ஆராய்ந்தது. முடிவுக்கு வந்த அமைப்புகளில் 43 சதவீதம் அரசியலுக்குள் வந்து முடிந்தன, 40 சதவீதம் போலீஸ், உளவு வேலையால் முடிந்தன, 10 சதவீதம் நினைத்ததைச் சாதித்தன. ராணுவத்தால் முடிந்தது 7 சதவீதம். போலீஸ் குற்றவாளியைத் தேடிப் போகும். ராணுவம் இறங்கினால் ஊரே போர்க்களம், மேலே பார்த்த டெர்ரி கணக்கு மறுபடி ஆரம்பித்துவிடும்.

இலங்கையில் 2009இல் ராணுவத்தால் முடிந்ததே என்பார்கள். அமைப்பு முடிந்தது உண்மை. கடைசி மாதங்களில் பல்லாயிரம் பொதுமக்களும் சேர்ந்து முடிந்தார்கள். அதிகாரப் பகிர்வு இன்னும் தீரவில்லை, காணாமல் போனவர்களைத் தேடும் தாய்மார்கள் இன்னும் தெருவில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதை முடிவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கொலை பண்ணினவங்களோட பேசினா, அது பரிசு கொடுக்கிற மாதிரி ஆகாதா?

ஆகலாம். நேரமும் ஆளும் பார்த்துத்தான் பேச வேண்டும். அரசியல் மூலம் அடையக்கூடிய கோரிக்கை உள்ள அமைப்போடு பேசலாம். உலகமே அழிய வேண்டும் என்று நம்பிய ஓம் ஷின்ரிக்யோ போன்ற ஒன்றோடு பேச என்ன இருக்கிறது?

வட அயர்லாந்தில் 1998 ஏப்ரலில் வந்த ஒப்பந்தத்தின்படி, தண்டனை பெற்ற ஆயுதக் குழுவினர் இரண்டு ஆண்டுக்குள் வெளியே வந்தார்கள். பறிகொடுத்த குடும்பங்களுக்கு அது தாங்க முடியாத விலை. இருந்தும் அங்கே வாக்கெடுப்பில் 71 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். ஆகஸ்டில் ஒப்பந்தத்தை ஏற்காத ஒரு பிளவுக் குழு ஓமா நகரில் குண்டு வைத்தது, 29 பேர் செத்தார்கள். அது எதற்காக என்று இதுவரை படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த முறை இரண்டு பக்கத் தலைவர்களும் அந்தக் குண்டைக் காரணம் காட்டி மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை.

எனக்குத் தெரிஞ்ச பையன் கொஞ்ச நாளா ரொம்ப வெறுப்பா பேசறான். என்ன பண்றது?

பேச்சில் கோபம் இருப்பதற்காகவே பயந்துவிடாதீர்கள், இளவயதில் அது இயல்பு. பழைய நண்பர்களை ஒரேயடியாக வெட்டிக்கொள்வது, எதிர்த்தரப்பை மனிதராகவே பேசாதது, வன்முறையை வழி என்று சொல்ல ஆரம்பிப்பது, இவை சேர்ந்து வந்தால் கவனியுங்கள். கொள்கை விவாதத்தில் அவனை ஜெயிக்கப் பார்க்காதீர்கள், அதற்கான பதில்களை அவனுக்கு ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எந்தச் சம்பவம் அவனைத் தொட்டது என்று கேளுங்கள், குறுக்கே பேசாமல் கேளுங்கள். நார்வே, ஜெர்மனி போன்ற நாடுகளில் இப்படிப்பட்டவர்களை வெளியே கொண்டுவர முயலும் திட்டங்கள் முக்கியமாகப் பார்ப்பது, அவனுக்கு வேறொரு வட்டமும் செய்ய ஒரு வேலையும் கிடைக்கிறதா என்பதை. கூட்டத்தின் வழியாக உள்ளே போனவன் இன்னொரு கூட்டம் இருந்தால்தான் வெளியே வருவான்.

ஆயுதம், இடம், தேதி என்று பேச்சு போனால் மட்டும் தாமதிக்காமல் போலீசிடம் சொல்லிவிடுங்கள். அது துரோகம் என்று உங்களுக்குத் தோன்றலாம், அவன் உயிரும் அதில்தான் இருக்கிறது.